டயாலிசிஸை நிறுத்தலாமா? எந்த நாள் கிரியேட்டினினை நம்புவது?

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, "கிரியேட்டினின் எட்டு இருந்தது மூணுக்கு வந்துடுச்சு, கிட்னி தேறிடுச்சு" என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இறக்கியது இயந்திரம்தான். நான்கே நாளில் மூச்சுத்திணறலோடு வந்து நிற்பார்கள்.

பார்க்க வேண்டியது, அடுத்த டயாலிசிஸ் தொடங்குமுன் எடுக்கும் அளவு. அது வாரத்துக்கு வாரம் இறங்கி, சிறுநீரும் கூடி, இரு டயாலிசிஸுக்கு இடையில் நீர் தேங்கி ஏறும் எடையும் குறைந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் சாப்பிட முடியாமல் தசை கரைந்தவருக்கும் கிரியேட்டினின் இறங்கும்.

கண்ணாடி விரியன் கடி, எலிக்காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு, பிரசவ ரத்தப்போக்கு போன்றவற்றால் திடீரெனச் செயலிழந்த சிறுநீரகம் தேறுமானால், பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள் தெரிந்துவிடும். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பாதை அடைப்பு ஆகியவற்றில் சிலருக்கு இன்னும் தாமதமாகவும் திரும்பும். பல ஆண்டு சர்க்கரையால் பழுதானது தேறுவது மிக அரிது. எந்த லேகியமும் இதை மாற்றாது.

சிறுநீர் நிறையப் போவது மட்டும் போதாது; அதில் கழிவு இருக்க வேண்டும். டயாலிசிஸுக்கு முந்தின நாள் காலை 6 மணிக்குப் போகும் சிறுநீரைக் கொட்டிவிடுங்கள். அதன்பின் மறுநாள் காலை 6 மணி வரை, அந்தக் கடைசிச் சிறுநீர் உட்பட, ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடியுங்கள். மலம் கழிக்கும்போது போவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 1,200 மி.லி. சேர்ந்து, அதில் கிரியேட்டினின் 100 மி.லி.க்கு 60 மி.கி., ரத்தத்தில் 6 மி.கி. என்றால், சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 8 மி.லி. ரத்தத்தைத்தான் சுத்தம் செய்கிறது. அது போதாது. அதே 1,200 மி.லி.யில் 84, ரத்தத்தில் 4 என்றால் 17.5, நிறுத்திப் பார்ப்பதைப் பற்றிப் பேசலாம். கிரியேட்டினின் கணக்கு சற்றுக் கூட்டியே காட்டும் என்பதால் யூரியா என்ற இன்னொரு கழிவையும் சேர்த்துக் கணக்கிடுவோம்.

தேறிவரும் சிறுநீரகத்துக்குப் பெரிய எதிரி, டயாலிசிஸின்போது விழும் ரத்த அழுத்தம். நீரை வேகமாக எடுத்தால் அது விழும்; 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 780 மி.லி.க்கு மேல் நீர் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். தலைசுற்றல், கொட்டாவி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை வேண்டாம்; அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நிறுத்துவதும் படிப்படியாகத்தான்: வாரம் மூன்று, இரண்டு, ஒன்று. நிறுத்திய முதல் வாரம் இரண்டு முறையாவது பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அளவுகள் நிலைத்துவிட்டன என்று மருத்துவர் சொன்ன பிறகே டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாயை எடுப்பது.