ஒழுங்கொத்த மீளிணைவு: சொல் விளக்கம்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ‘அமைப்பொத்த நிறமூர்த்தங்கள்’ பழகிய சொல். ‘ஹோமோலோகஸ்’ என்பதன் தமிழ் அது. ஆனால் அறுந்த டி.என்.ஏயைக் கலம் திருத்தும் ‘ஹோமோலோகஸ் ரீகொம்பினேஷன்’ என்ற முறைக்கு ‘அமைப்பொத்த’ போதாது என்பேன்.

கிரேக்கத்தில் ‘ஹோமோலோகோஸ்’ என்றால் உடன்பட்டது, ஒத்தது. 1843இல் ரிச்சர்ட் ஓவன் வெவ்வேறு விலங்குகளில் உள்ள ஒரே உறுப்பைக் குறிக்க இதை வரையறுத்தார். மனிதனின் கையும் வௌவாலின் சிறகும் அப்படிப்பட்டவை. அங்கே ‘அமைப்பு’ பொருந்தும். டி.என்.ஏ திருத்தத்தில் ஒத்திருக்க வேண்டியதோ டி.என்.ஏயின் எழுத்துகளான நைதரசன் மூலங்களின் ஒழுங்கு. எனவே ‘ஒழுங்கொத்த’. ‘கொம்பினேஷன்’ என்பதற்குள் இரண்டிரண்டாக என்று பொருள்படும் ‘பினி’ என்ற இலத்தீன் சொல் இருக்கிறது. தமிழின் ‘இணை’யும் சோடி, சேர்தல் இரண்டையும் ஒருங்கே சொல்கிறதே! ‘மீள்சேர்க்கை’யை விட ‘மீளிணைவு’ செறிவானது.

இனிப் பொருள். போரில் கிழிந்துபோன காணி உறுதியைப் பதிவகத்தில் பிரதி இருந்தால் பார்த்துப் பிழையின்றி எழுதலாம். பிரதி இல்லையென்றால் ஓரங்களை ஒட்டவேண்டியதுதான். சில எழுத்துகள் போய்விடும். டி.என்.ஏயின் இரு இழைகளும் அறும்போது கலத்துக்கும் இவ்விரு வழிகளே பிரதானம்.

எந்த வழி என்பதைப் பெரும்பாலும் கலவட்டத்தின், அதாவது கலம் வளர்ந்து பிரியும் சுற்றின், நிலை தீர்மானிக்கிறது. டி.என்.ஏ இரட்டிப்பதற்கு முன் பக்கத்தில் பிரதி இல்லை. ‘கூ’ என்னும் புரதம் அறுந்த முனைகளை உடனே பற்றுகிறது. ‘53பிபி1’ என்ற புரதம் அவை செதுக்கப்படாமல் காக்கிறது. லிகேஸ் நொதியம் ஒட்டிவிடுகிறது. இரட்டித்த பின்னரோ, கலவட்டத்தை நடத்தும் சிடிகே நொதியங்கள் ‘சிடிஐபி’ என்ற புரதத்தில் பொசுபேற்றைச் சேர்த்து அதைத் தூண்டுகின்றன. முனைகள் செதுக்கப்பட்டு ஒற்றை இழை வெளிப்படுகிறது. அதன்மேல் ‘ராட்51’ புரதத்தைப் ‘பிஆர்சிஏ2’ ஏற்றிவிட, அந்த இழை தன் ஒழுங்கை ஒத்த பிரதியைத் தேடிச் சென்று பிணைகிறது. அப்பிரதியைப் பார்த்தே இழந்த பகுதி மீண்டும் தொகுக்கப்படுகிறது. மீளிணைவு என்ற சொல் தன் முழுப்பொருளையும் பெறுவது இங்கேதான்.

இத்திருத்தத்துக்கு வேண்டிய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 பரம்பரையலகுகளில் ஒன்றில் குறையுடன் பிறந்தவர்களுக்கு மார்பு, சூலகப் புற்றுநோய்களின் ஆபத்து அதிகம். அந்தப் பரம்பரையலகின் எஞ்சிய நல்ல பிரதியும் ஒரு கலத்தில் கெட்டால் அங்கே ஒழுங்கொத்த மீளிணைவு நின்றுபோகிறது. பிழை மலிந்த வழிகளே மிஞ்சுகின்றன. ஒலாபாரிப் போன்ற மருந்துகள் இந்தக் குறையையே பயன்படுத்திப் புற்றுக்கலங்களை அழிக்கின்றன.