தொப்பென்ற சத்தத்துக்குப் பிறகு வரும் ஒரு நிமிடம்

குழந்தை விழுந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது நான்கு கேள்விகள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது? கீழே என்ன இருந்தது? தலையில் எந்தப் பக்கம் பட்டது? உடனே அழுததா, கொஞ்சம் கழித்து அழுததா?

கடைசிக் கேள்விக்குப் பலரால் பதில் சொல்ல முடிவதில்லை. "தெரியலை டாக்டர், நான் கத்தினதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு" என்பார்கள். எனக்கு மிகவும் தேவைப்படுவது அந்தப் பதில்தான்.

பதறாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். பெற்ற மனம் பதறத்தான் செய்யும், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் விழுந்த முதல் ஒரு நிமிடத்தில் குழந்தையின் உடம்பு நிறைய விஷயங்களைச் சொல்கிறது. அதைப் பார்க்க உங்களைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. என்னிடம் வந்து சேர்வதற்குள் அரை மணி நேரம் ஓடியிருக்கும். அப்போது அது என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

சரி, அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வது? பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கையை மட்டும் பிடித்து வெடுக்கென்று தூக்காதீர்கள். சிறு குழந்தைகளுக்கு முழங்கை மூட்டில் எலும்பைப் பிடித்திருக்கும் தசைநார் இன்னும் தளர்வாக இருக்கும், சுண்டி இழுத்தால் எலும்பு சற்று நழுவிவிடும். விழுந்ததில் ஒன்றும் ஆகாமல், தூக்கிய வேகத்தில் கை தொங்கிப்போய் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். உயரத்திலிருந்து விழுந்து அசையாமல் கிடந்தால், கழுத்தில் அடிபட்டிருக்குமோ என்று தோன்றினால், நகர்த்தாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மற்றபடி அக்குளுக்கடியில் இரு கைகளையும் கொடுத்து மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை என்றால் தலையையும் தாங்கிக்கொள்ளுங்கள். உடனே வீறிட்டு அழுகிறதா? உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? கை கால்களை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைக்கிறதா? சில நிமிடங்களில் மடியில் அடங்கி, பாலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் பயத்தில் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடலாம்.

சில குழந்தைகள் அழத் தொடங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். உதடு நீலமாகும் அல்லது முகம் வெளிறிப்போகும், சில நொடிகள் துவண்டும் போகலாம். பார்ப்பவருக்கு உயிரே நின்றுவிடும். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானே திரும்பிவிடுகிறது. ஆனால் அது மூச்சைப் பிடித்ததாலா, தலையில் அடிபட்டு நினைவு தப்பியதாலா என்று வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் என்னிடம் காட்டத்தான் வேண்டும். முதலில் அழுகை வந்ததா, முதலில் துவண்டதா என்று நீங்கள் கவனித்துச் சொன்னால் என் வேலை பாதி முடிந்த மாதிரி.

விழுந்த குழந்தை முதலில் தேடுவது நம் முகத்தை. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடித் தளம் போட்ட மேசைமேல் தவழவிட்டார்கள். பாதி தூரத்துக்கு மேல் கண்ணாடிக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். எதிர்ப்பக்கத்தில் அம்மா. அம்மாவின் முகம் மலர்ந்திருந்தபோது 19 குழந்தைகளில் 14 அதைக் கடந்து போயின. அம்மா பயந்த முகத்தைக் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. இது பயமா இல்லையா என்பதை அவ்வளவு தூரம் நம் முகத்தில் படிக்கிறார்கள். அதற்காக, வலியில் அழும் குழந்தையிடம் "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று சிரிக்கச் சொல்லவில்லை. வலித்தது நிஜம்தானே. "விழுந்துட்டியா, வலிக்குதா, அம்மா இருக்கேன்" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். குரல் தணிந்தால் நம் கை நடுக்கமும் கொஞ்சம் குறையும்.

விழுவதை அடியோடு நிறுத்த முடியாது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால்பங்கு தலைதான், அதனால் சாய்ந்தால் தலை முந்திக்கொள்ளும். நடை பழகும் பருவத்தில் சொல்லவே வேண்டாம். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாடவிட்டு எண்ணிப் பார்த்தார்கள் (2012இல் வெளியான ஆய்வு). ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள்.

அப்புறம் அந்தப் புடைப்பு. தலைத்தோலில் ரத்தக் குழாய்கள் மிக அதிகம், அடியில் கெட்டியான எலும்பு. அடிபட்டால் ரத்தம் உள்ளே போக இடமில்லாமல் வெளிப்புறமாகவே வீங்கும். அதனால்தான் கண்முன்னே நெற்றி எலுமிச்சை அளவுக்குப் புடைத்து நிற்கிறது. புடைப்பின் அளவைப் பார்த்து உள்ளே இருக்கும் நிலையை ஊகிக்க முடியாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடங்கள் ஒற்றி எடுங்கள், விட்டு விட்டுச் செய்யலாம். அழுத்தித் தேய்க்க வேண்டாம். நான் அதிகம் கவலைப்படுவது நெற்றியைவிடக் காதுக்கு மேலும் பின்தலையிலும் வரும் மெத்தென்ற வீக்கத்துக்குத்தான். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அங்கே வீங்கினால், சிரித்து விளையாடினாலும் அன்றே காட்டிவிடுங்கள். 3 அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தாலும் அப்படித்தான். 3 மாதம்கூட ஆகாத குழந்தை தலையில் அடிபட்டால் உயரம் எவ்வளவு என்று யோசிக்கவே வேண்டாம், கிளம்பி வாருங்கள்.

நேரத்தைப் பார்க்காமல் ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. நினைவு தப்புவது, வலிப்பு, மறுபடி மறுபடி வாந்தி, எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம், எதற்கும் அடங்காத அழுகை, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாக இருப்பது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது, அழாத நேரத்திலும் உச்சிக்குழி மேலெழும்பி நிற்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள். "எப்பவும் போல இல்லை" என்று உங்களுக்குத் தோன்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உணர்வை நாங்கள் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

தூங்க விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வழக்கமாகத் தூங்கும் நேரம் என்றால் விடலாம். அழுது களைத்த குழந்தை தூங்கத்தான் செய்யும். முதல் சில மணி நேரம் இடையிடையே தொட்டுப் பாருங்கள், சிணுங்கிப் புரண்டால் சரி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தலையில் அடிபட்டு வந்த 42,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறிப்பிட்ட சில ஆபத்து அறிகுறிகளில் எதுவுமே இல்லாத 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூளையில் கடுமையான பாதிப்பு இருக்கும் வாய்ப்பு 5,000இல் ஒன்றுக்கும் குறைவு. சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சோ வளரும் உடம்புக்குக் கூடுதல் கெடுதல். சில மணி நேரம் கூடவே இருந்து கவனிப்பதும் சிகிச்சைதான்.

எனக்கு மிகவும் மனம் வலிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒருமுறை ஓர் அம்மா, குழந்தை சோபாவிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். கூட வந்தவர்கள் வெளியே போனதும், "டாக்டர், சோபா இல்லை, சமையல் மேடை" என்றார், குரலே எழும்பவில்லை. வீட்டில் எல்லோரும் அவரிடம் கேட்டிருந்தது ஒரே கேள்வி: "நீ என்ன பண்ணிட்டிருந்தே?" மேடையின் உயரம் தெரிந்ததும் என் முடிவு மாறியது, சில மணி நேரம் இங்கேயே வைத்துப் பார்த்தோம். நல்லவேளையாக ஒன்றும் இல்லை. யார் கவனக்குறைவு என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் மருத்துவ ரீதியாக எந்தப் பயனும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் உயரம் குறைத்துச் சொல்லப்படுகிறது, நேரம் தள்ளிச் சொல்லப்படுகிறது. வீட்டில் இருக்கும் மற்றவர்களே, தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். மேடையில் உட்கார வைப்பதை நிறுத்துவது பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஏனென்றால் இதற்காக இரவில் தொலைபேசி வரும். நெற்றியில் புடைத்த ரத்தம் ஓரிரு நாளில் கீழே இறங்கி இமைகளை வீங்கவைக்கலாம், நிறமும் கறுத்து, பச்சையாகி, மஞ்சளாகி மறையும். குழந்தை வழக்கம்போல இருந்தால் பயப்பட வேண்டாம். நெற்றியில் அடியே படாமல் இரண்டு கண்களைச் சுற்றியும் கறுத்தால் மட்டும் உடனே கொண்டு வாருங்கள்.