மாப்பிள்ளைத் தோழன்: பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு சொல்

தேவாலயத் திருமணத்தில் கையில் கொடுக்கும் வழிபாட்டுத் தாளைப் பாருங்கள். மணவாளன், மணவாட்டி, உடன்படிக்கை, மோதிரம், தாலி, ஆசீர்வாதம் என்று எல்லாமே தமிழில் இருக்கும். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கோட் சூட் போட்டு நிற்கிறவனுக்கு மட்டும் ‘பெஸ்ட் மேன்’. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றால் அவர்கள் ‘குரூம்ஸ்மென்’. பெண்ணின் பக்கத்தில் நிற்பவர்களைத் தோழிகள் என்று சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. ஆண்கள் பக்கம் வந்ததும் தமிழ் நின்றுவிடுகிறது.

சொல் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளைத் தோழன் என்பது நன்றாகப் புழங்கிய பழைய சொல். சில ஊர்களில் துணைமாப்பிள்ளை என்றும் சொல்வார்கள். ஆனால் அந்த இடத்தில் தமிழ்க் கல்யாணம் ஏற்கெனவே வேறொரு ஆளை உட்கார வைத்திருக்கிறது. அவர் யார் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் ஆங்கிலச் சொல்லின் கதை.

மணமகனைக் குறிக்கும் ‘பிரைட்குரூம்’ என்ற சொல்லில் ‘குரூம்’ என்பதே பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்தது ‘குமா’. ஆள், ஆண்மகன் என்று பொருள். லத்தீனின் ‘ஹோமோ’வுக்கு உறவுச் சொல். மணமகளுக்குரிய ஆள் என்பதுதான் மொத்தப் பொருள். காலப்போக்கில் ‘குமா’ வழக்கொழிந்து, அதன் பொருள் யாருக்கும் விளங்காமல் போனது. அப்போது ஓசையில் நெருங்கிய ‘குரூம்’ என்ற சொல்லை மக்கள் அங்கே வைத்துக்கொண்டார்கள். ‘குரூம்’ என்றால் முதலில் பையன், பிறகு பணியாள், அப்புறம் குதிரை பார்த்துக்கொள்கிறவன். மணமகனும் லாயத்துப் பணியாளும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது இப்படித்தான். நம் மாப்பிள்ளைக்குள்ளும் ஒரு ‘பிள்ளை’ இருப்பதால் அதிகம் சிரிக்க வேண்டாம்.

‘குரூம்ஸ்மேன்’ 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆங்கில எழுத்தில் வருகிறது. ‘பெஸ்ட் மேன்’ ஸ்காட்லாந்து வழக்கு. 19-ஆம் நூற்றாண்டில் மற்ற இடங்களுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தில் மணமகளின் முதன்மைத் தோழியை ‘பெஸ்ட் மெய்ட்’ என்றார்கள். ஆகவே ‘பெஸ்ட்’ என்பது இங்கே குணத்தைப் பற்றிய சான்றிதழ் அல்ல. நிற்பவர்களில் முதல் ஆள் என்ற அளவில்தான். இது தெரியாமல் இயந்திர மொழிபெயர்ப்பு ‘சிறந்த மனிதன்’ என்று எழுதிக் கொடுக்கும். அதையே அழைப்பிதழில் அச்சடித்தால் மாப்பிள்ளை பாவம்.

இணையத்தில் ஒரு வீரக்கதை சுற்றுகிறது. அந்தக் காலத்தில் ஜெர்மானியக் கூட்டத்தார் பெண்ணைத் தூக்கிவந்து மணந்தார்களாம். துரத்தி வரும் உறவினர்களை வெட்டிச் சாய்க்க வாள்வீச்சில் சிறந்தவனைப் பக்கத்தில் நிறுத்தினார்களாம். அவன்தான் ‘பெஸ்ட் மேன்’ ஆனானாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தார் காலத்துக்கும் ஸ்காட்லாந்தில் இந்தச் சொல் எழுத்தில் ஏறிய காலத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. சொல்லுக்கு அந்தக் கதையோடு தொடர்பு காட்ட எந்தச் சான்றும் கிடையாது.

கிரேக்கர்களுக்கு இதைவிட உறுதியான சொல் உண்டு. மணமக்களோடு வண்டியில் பக்கத்தில் ஏறி வந்த நண்பனை அவர்கள் ‘பாராநிம்ஃபோஸ்’ என்றார்கள். ‘பாரா’ என்றால் பக்கம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இவனைச் சாட்சி என்று பொருள்படும் சொற்களால் குறிக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன், சாட்சி சொல்பவன் என்ற இந்த இரண்டு வேலைகளும் ஒரே ஆள் தலையில் விழுந்ததுதான் இன்றைய பெஸ்ட் மேன்.

விவிலிய உலகத்தில் இந்த ஆளுக்குப் பெரிய பொறுப்பு. யூதர்கள் அவனை ‘ஷோஷ்பீன்’ என்று அழைத்தார்கள். யூதேயாவில் மணமகனுக்கு ஒருவர், மணமகளுக்கு ஒருவர் என்று இரண்டு பேரை நிறுத்துவார்கள். கலிலேயாவில் அந்த வழக்கம் இல்லை என்று யூதர்களின் சமயச் சட்டத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய அன்பளிப்புச் சட்டம். ஷோஷ்பீன் திருமணத்துக்குக் கொண்டுவரும் பரிசு கடன் போன்றது. அவன் வீட்டில் கல்யாணம் நடக்கும்போது அது திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் நீதிமன்றத்தில் வசூலிக்கலாம் என்று தல்மூத்தின் அடிப்படைச் சட்டநூலான மிஷ்னா விதித்திருக்கிறது. மொய் நோட்டை ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நாம் நீதிமன்றம் வரை போவதில்லை, பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வதோடு சரி.

தமிழ் விவிலியம் இந்த இடத்தில் ‘தோழன்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது. யோவான் நற்செய்தி 3:29-இல், அருகே நின்று மணவாளனின் சத்தத்தைக் கேட்டு மகிழ்கிறவன் ‘மணவாளனுடைய தோழன்’. யோவான் ஸ்நானகன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பல தலைமுறைகளாக வாசித்துவரும் அந்தப் பழைய மொழிபெயர்ப்பு, மாற்கு 2:19-இலும் ‘மணவாளனுடைய தோழர்’ என்றே எழுதுகிறது. அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பதோ ‘மணவறையின் மக்கள்’, அதாவது கல்யாண வீட்டுக் கூட்டம் முழுவதும். பின்னால் வந்த திருவிவிலியம் இதைப் பிரித்தது. யோவானில் தோழர், மாற்குவில் மணவிருந்தினர். எது எப்படியோ, ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கும் சபை, அதிலேயே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வழிபாட்டுத் தாளில் ‘பெஸ்ட் மேன்’ என்று அச்சடிப்பது எனக்கு விளங்கவில்லை.

நியாயாதிபதிகள் புத்தகத்தில் சிம்சோனின் கல்யாணத்துக்கு முப்பது தோழர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். விடுகதைச் சண்டையில் கல்யாணம் குலைந்து, கடைசியில் மணப்பெண்ணை அந்தத் தோழர்களில் ஒருவனுக்கே கொடுத்துவிடுகிறார்கள். மாப்பிள்ளைத் தோழன் வரலாற்றில் ஒரு கரும்புள்ளி.

சரி, தேவாலயம் இவனைப் பற்றி என்ன சொல்கிறது? ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தின் திருமண முறையில், மணமக்கள் தங்கள் ‘நண்பர்களோடும் அயலாரோடும்’ ஆலயத்துக்குள் வர வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுப்பவர்கூடத் தகப்பனாகவோ நண்பராகவோ இருக்கலாம். பெஸ்ட் மேன் என்ற பேச்சே இல்லை. மோதிரத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்து எடுத்துக் கொடுப்பது, வரவேற்பில் எழுந்து இரண்டு வார்த்தை பேசுவது எல்லாம் வழக்கத்தில் வந்து சேர்ந்தவை.

சபைக்கும் அரசுக்கும் வேண்டியது சாட்சி. கத்தோலிக்கத் திருச்சபை 1563-இல் திரெந்து சங்கத்தில், பங்குத்தந்தையும் இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்று முடிவு செய்தது. மறைவாகக் கைப்பிடித்துவிட்டுப் பிறகு மறுக்கும் வழக்கத்தைத் தடுக்க வந்த விதி அது. இன்றைய திருச்சபைச் சட்டமும் இரண்டு சாட்சிகள் கேட்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்திலும் குருவானவரைத் தவிர இரண்டு சாட்சிகள் வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்பதும் இதே கவலையால்தான். ஓலை என்றதும் சைவர்களுக்கு சுந்தரர் நினைவுக்கு வருவார். புத்தூரில் நடக்கவிருந்த அவருடைய கல்யாணத்தை ஒரு முதியவர் அடிமை ஓலையைக் காட்டித்தான் நிறுத்தினார். வந்தவர் சிவபெருமான், பிற்பாடு அதே சுந்தரருக்குத் ‘தம்பிரான் தோழர்’ என்று பெயர். சுந்தரரின் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க இரவில் தூது நடந்தவரும் அந்தத் தம்பிரான்தான். கல்யாணத்தை நிறுத்துவதும் தோழன்தான், குடும்பத்தைச் சேர்த்து வைப்பதும் தோழன்தான் போலிருக்கிறது.

இப்போது தமிழ்க் கல்யாணத்தின் தோழனுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து இந்துத் திருமணங்களில் ‘தோழன்’ என்றால் பெரும்பாலும் பெண்ணின் தம்பி. மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பவன் அவன். பதிலுக்கு மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். தமிழ்நாட்டிலும் பல சமூகங்களில் மாப்பிள்ளையோடு கூடவே இருக்கும் தோழன் பெண்ணின் உடன்பிறந்தவன்தான், அதாவது மச்சான். மேல்நாட்டு வழக்கில் பெஸ்ட் மேன் மாப்பிள்ளையின் ஆள். நம்மிடம் அவன் பெண் வீட்டின் ஆள். மாப்பிள்ளையைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போய், இனி நீ எங்கள் ஆள் என்று உட்கார வைக்கிறவன். பெயர்தான் தோழன், உட்கார்ந்திருப்பது உறவு.

நெல்லைப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் கல்லூரி நண்பனுக்காக நான் இப்படி நின்றிருக்கிறேன். முந்தின நாள் ஒத்திகையில் நண்பனின் ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மாப்பிள்ளைத் தோழன்னா பொண்ணுகூடப் பொறந்தவன்லா நிக்கணும்? நீ யாருடே?” நண்பன் குறுக்கே வந்து, “இவனும் எனக்கு மச்சான்தான் ஆச்சி” என்றான். ஆச்சி விடவில்லை. “அப்போ பொண்ணு இவனுக்குத் தங்கச்சியாக்கும்?”

ஆச்சி கேலிக்குக் கேட்டார். ஆனால் கணக்கு மிகச் சரி. தமிழ்நாட்டில் நண்பர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறோம்? மாப்ள, மச்சான். இரண்டும் கல்யாண உறவுச் சொற்கள். ரத்தமோ கொள்வினை கொடுப்பினையோ இல்லாத ஒருவனை, பெண் கொடுக்கும் முறையில் வைத்துத்தான் நண்பன் என்கிறோம். நண்பனின் மனைவியை வாய் நிறையத் தங்கச்சி என்று அழைக்கிறவர்களும் நிறைய. அந்தக் கணக்குப்படி, தேவாலயத்தில் நண்பன் தோழனாக நிற்கும்போது பழைய முறை உடைந்துவிடவில்லை. பெயரளவில் மச்சானாக இருந்தவன் மச்சானுடைய இடத்தில் வந்து நிற்கிறான். பெண்ணின் சொந்தத் தம்பிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் வரலாம். அவனையும் வரிசையில் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது. எங்கள் வரிசையில் அவன் இரண்டாவதாக நின்றான், தாலி வைத்த தட்டு அவன் கையில்.

வேறு சொற்களும் உண்டு. மணத்துணைவர் என்று புதிதாக ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் துணைவர் என்றாலே கணவன் மனைவி நினைவு வந்துவிடுவதால் கல்யாண மேடையில் குழப்பம்தான் மிஞ்சும். எனக்கு ஆசையாக இருப்பது ‘பாங்கன்’. பாங்கு, பாங்கர் என்றால் பக்கம். பாங்கன் பக்கத்தில் இருப்பவன். கிரேக்கச் சொல்லுக்கு நேர் இணை. களவில், அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலில், பேசுவதற்கு உரியவர்கள் என்று தொல்காப்பியம் எண்ணும் ஆறு பேரில் அவனும் ஒருவன். அகப்பாடல்களில் அவன் வேலை தலைவனைக் கண்டிப்பது: ஒரு பெண்ணுக்காக இப்படியா உருகுவாய் என்று இடித்துரைப்பான். கேட்ட தலைவன் மறுத்துப் பேசும் பாடல்களுக்குக் கழற்றெதிர்மறை என்று தனித் துறையே உண்டு. இன்றைய பெஸ்ட் மேன் வரவேற்பில் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளையை வாருவதற்கு இதைவிடப் பழைய முன்மாதிரி கிடைக்காது. ஆனாலும் அழைப்பிதழில் ‘பாங்கன்’ என்று போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேர் வங்கி சம்பந்தமாக ஏதோ என்று நினைப்பார்கள். விட்டுவிடலாம்.

ஆகவே மாப்பிள்ளைத் தோழன்தான். இடையில் ‘த்’ போட்டு எழுத வேண்டும். அச்சில் மரியாதை வேண்டுமென்றால் மாப்பிள்ளைத் தோழர். ‘தோழர்கள்’ என்று பன்மையில் போட்டால் கட்சி மாநாட்டு வாடை அடிக்கிறது என்பார்கள். 1932-இல் பெரியார் ஐரோப்பாவையும் ரஷ்யாவையும் பார்த்துத் திரும்பியபின், பெயருக்கு முன்னால் தோழர் என்று போடச் சொன்னதிலிருந்து அந்த வாடை இருக்கிறது. முன்னால் ‘மாப்பிள்ளை’ இருக்கும்போது யாரும் செங்கொடியைத் தேட மாட்டார்கள். நிற்பவர்களில் முதல் ஆளைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் முதல் தோழர் போதும். ஸ்காட்லாந்துக்காரர்கள் நினைத்ததும் அதுதான்.

மாப்பிள்ளையின் நெருங்கிய நட்பு ஒரு பெண்ணாக இருந்தால்? ஆங்கிலம் இதில் தடுமாறி ‘பெஸ்ட் வுமன்’ என்று ஒட்டுப்போடுகிறது. தமிழில் மாப்பிள்ளைத் தோழி என்று எழுதிவிட்டுப் போகலாம். சட்டமும் இதில் தலையிடாது. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது நம்பத் தகுந்த இரண்டு சாட்சிகளை. அவர்கள் ஆணாக இருக்க வேண்டும் என்றோ கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றோ அதில் நிபந்தனை இல்லை.