குளிர் காணாத பூண்டும், வெட்ட வெட்ட வளரும் கோரையும்

கார்த்திகையில் கடைப் பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து, கொல்லையில் உள்ள மணல் பாத்தியில் ஊன்றினேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினம் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. சில நாட்களில் பச்சைத் தாள் கிளம்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பங்குனியில் பிடுங்கினால், அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரே உருண்டை. பல் என்று ஒன்றுகூடப் பிரிந்திருக்கவில்லை. நான் நடாத கோரை மட்டும் பாத்தி முழுக்கக் குடும்பம் குடும்பமாகச் செழித்திருந்தது.

மண் சரியில்லை, உரம் போதவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பூண்டு வேறொன்றுக்காகக் காத்திருந்தது.

நாம் உரிக்கும் ஒவ்வொரு பல்லும் ஒரு மொட்டு. இலையின் அடியில் பக்க மொட்டுகள் தோன்றி, உணவைச் சேர்த்துப் பருத்தால்தான் பல் பல்லாகப் பூண்டு கிடைக்கும். அந்த மொட்டுகளைத் தூண்டுவது குளிர். 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் சில வாரங்கள் கிடந்த பூண்டு, பின்னர் பகல் நீளும்போது பற்களாகப் பிரியும். குளிர் கிடைக்காவிட்டால் நடு மொட்டு மட்டும் தனியாகப் பருத்து உருண்டையாகிவிடும். எனக்குக் கிடைத்தது அதுதான்.

குளிரா, நீண்ட பகலா, எது பெரிது? கொடைக்கானல் மலைப்பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த மலைக்கும் ராமநாதபுரத்துக்கும் அட்சரேகையில் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. ஆகவே பகலின் நீளம் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது 2,000 மீட்டர் உயரமும் அது தரும் குளிரும். போதிய குளிர் கண்ட பூண்டு, நீண்ட பகலை அவ்வளவு எதிர்பார்ப்பதில்லை. நம் கரையிலோ, மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும் கடல், இரவைக் குளிரவிடுவதில்லை. மார்கழியிலும் மின்விசிறி சுழலும் ஊரில் பூண்டு எதைக் கண்டு விழித்துக்கொள்ளும்?

அதனால் குளிரை நாமே கொடுக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியிலேயே முழுப் பூண்டை ஒரு துணிப்பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்திருந்து, ஐப்பசி மழை மண்ணைக் குளிரவைத்த பிறகு நடலாம். பாலில் பூண்டு வாடை அடிப்பதாக வீட்டில் புகார் வரும், தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்படியும் மலைப்பூண்டின் பருமன் வராது. உப்புக் கரிக்கும் கிணற்றுநீரைப் பூண்டின் மேலோட்டமான வேர்கள் தாங்காது என்பதால், பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் நல்லது.

இனி கோரை. இதைப் புல் என்று நினைத்துப் பிடுங்குவதில்தான் தவறு தொடங்குகிறது. தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள்; உருளாது. மூன்று பட்டைகள் தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். மணலை மெல்ல விலக்கினால், கம்பி போன்ற வேர்த்தண்டில் கோத்த கருத்த கிழங்குகள் வரிசையாக வரும். கசக்கினால் குளியல் பொடியின் மணம். சித்த மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்பது இதுதான்.

அந்தச் சரத்தில் எல்லாக் கிழங்கும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. முனையில் முளைவிட்ட கிழங்கு மற்றவற்றை அடக்கித் தூங்கவைக்கிறது. மம்பட்டியால் கொத்தும்போது சரம் அறுகிறது. அடக்கி வைக்க ஆளில்லாமல் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கிறது. பத்து கிழங்குச் சரத்தை ஒரே வெட்டில் பல செடிகளாக்கியது நான்தான். மேலே உள்ளதை மட்டும் பிடுங்கினாலும், தரைக்குள் இருக்கும் சேமிப்பிலிருந்து மறுபடி வரும்.

கறுப்புப் பிளாஸ்டிக் விரித்தும் பார்த்தேன். இருட்டில் கோரையின் முளை சுருண்ட ஊசியாகவே நீண்டு, தாளைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. ஒளி புகும் தாள் என்றால் கதை வேறு. வெளிச்சம் பட்டதும் முளை வெளியே வந்துவிட்டதாக எண்ணி இலையை விரித்துவிடும். ஊசிமுனை போய்விடும், உள்ளே தேங்கும் வெயிலில் கருகும்.

கோரைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, கிழங்கு ஈரம் இழந்தால் சாகும். சித்திரை வெயிலில் சரத்தோடு தோண்டி மணல்மேல் பரப்பினால் ஒன்றிரண்டு வாரத்தில் சுருங்கிவிடும். நடுவில் மழை பெய்யக் கூடாது, அவ்வளவுதான். இரண்டாவது, நிழல் ஆகாது. ஆடியில் அந்தப் பாத்தியில் தட்டைப்பயற்றை நெருக்கி விதைத்தால் அதன் இலை தரையை மூடிவிடும். பூண்டை நம்பி இந்த வேலையை விடவே முடியாது. அதன் ஒல்லித் தாள் நிமிர்ந்தே நிற்கும். தரையில் ஒரு கை அளவுகூட நிழல் விழாது. எனவே களையெடுப்பதைப் பூண்டு நடும் முன்பே முடிக்க வேண்டும். நட்ட பிறகு தலைகாட்டும் கோரையை, மூன்று வாரத்துக்குள், புதுக் கிழங்கு வைக்குமுன் எடுத்துவிட வேண்டும்.

இப்போது காய்கறித் தட்டில் எட்டுப் பூண்டு குளிர்ந்துகொண்டிருக்கிறது. நேற்று தட்டைப்பயற்றுக்குத் தண்ணீர் விடப் போனபோது குழாயடியில் மூன்று கோரை முனைகள் எட்டிப் பார்த்தன. மம்பட்டியைத் தொடவில்லை. பழைய கரண்டியால் மணலை ஒதுக்கி, சரம் அறாமல் இழுத்தேன். ஏழு கிழங்கு வந்தது. எட்டாவது இருந்த இடத்தில் கம்பி அறுந்திருந்தது.