"எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே, டாக்டர்"

இந்த வாரத்தில் மட்டும் மூன்றாவது முறையாக இதைக் கேட்டுவிட்டேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த அம்மா, வயது 56. மார்பில் கட்டி தட்டுப்பட்டு எட்டு மாதம் ஆகிறது. "அம்மாவுக்கு இல்ல, அக்காவுக்கு இல்ல, எனக்கு எப்படி வரும்னு விட்டுட்டேன்" என்றார். இப்போது அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது.

மார்பகப் புற்றுநோயில், பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக் கோளாறால் வருவது 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான். மற்ற 90, 95 பேர் அந்தக் கோளாறோடு பிறந்தவர்களே இல்லை. பரம்பரையில் இல்லாததை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். எத்தனை முறை சொல்வது!

பிறகு எப்படி வருகிறது? பல வழிகளில் ஒன்று இது: மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமல் அதன் வேலை நின்றுபோகலாம். சுவரில் எழுதியிருப்பதன் மேல் போஸ்டர் ஒட்டினால் எழுத்து அங்கேயேதான் இருக்கும், படிக்க முடியாது. மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி அப்படித்தான் மரபணுவின் மேல் ஒட்டுகிறது. புற்றைத் தடுக்கும் பிஆர்சிஏ1 மரபணு இப்படி மூடிப்போன கட்டிகள் உண்டு. உடல் பருமனும், அதோடு வரும் நாள்பட்ட அழற்சியும் இந்தக் குறிகளை மாற்றுகின்றன. சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. 1944-45 நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களிடம் 60 வருடம் கழித்தும் குறிகள் வேறாக இருந்தன.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் கொழுப்பிலிருந்துதான் அதிகம் வருகிறது. எடை கூடினால் அதுவும் கூடும். 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்ன, பருமனோடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களில் மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றும் ஒன்று. ஒல்லியானவர்களுக்கும் வரும், அவர்களும் அசட்டையாக இருக்க வேண்டாம்.

இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா, இன்றைக்கே டேப் வைத்துப் பாருங்கள். ஆம்பூர் பிரியாணியை நான் தடுக்கவில்லை. தினம் சாயங்காலம் போண்டா, நாலு வேளை சர்க்கரை போட்ட டீ, அதை நிறுத்துங்கள். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் ஆடிக் கூழுக்கு மட்டும் என்று யார் சொன்னது? மெத்தில் குறி எல்லாமே கெட்டதில்லை, சரியான இடத்தில் ஒட்டினால் உடலுக்குத் தேவைதான். கீரையிலும் பயறிலும் இருக்கும் ஃபோலேட் சத்து அதற்கு ஒரு மூலப்பொருள். அதற்காக மாத்திரையாக அள்ளிப் போடாதீர்கள். அப்புறம், தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

கட்டி தட்டுப்பட்டால் வலிக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் வலிக்காது. பொண்ணு கல்யாணம் முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளாமல் அந்த வாரமே வந்துவிடுங்கள் அம்மா. கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.