"மரியாதைக் குறைவு" என்று ஒரு கட்டம்: அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினச் சிறுவர்கள் படிப்பை இழப்பது எங்கே?

அமெரிக்கப் பள்ளியில் தவறு செய்த மாணவனை வகுப்பை விட்டுப் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்பும் ஆசிரியர் ரெஃபரல் சீட்டு ஒன்றை எழுதுவார். அந்தச் சீட்டு சஸ்பெண்ட் வரை போகலாம். பெயர், வகுப்பு, நேரம், இடம். அதற்குக் கீழே தவறின் வகை. புகை பிடித்தான், பொருளை உடைத்தான், அனுமதியில்லாமல் வெளியே போனான் என்பதெல்லாம் யார் பார்த்தாலும் ஒன்றுதான். அதே சீட்டில் "மரியாதைக் குறைவு", "கீழ்ப்படியாமை" என்ற கட்டங்களும் இருக்கும். இவை பார்ப்பவரைப் பொறுத்தவை. கறுப்பினச் சிறுவர்களின் படிப்பு எங்கே நழுவுகிறது என்று கேட்டால் முதலில் காட்ட வேண்டியது இந்தக் கட்டங்களைத்தான்.

ரஸ்ஸல் ஸ்கிபாவும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வெள்ளை மாணவர்கள் அதிகமாக அனுப்பப்பட்டது புகை பிடித்ததற்கும், பொருள்களைச் சேதப்படுத்தியதற்கும், சொல்லாமல் வெளியேறியதற்கும், ஆபாசப் பேச்சுக்கும். கறுப்பின மாணவர்கள் அதிகமாக அனுப்பப்பட்டது மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டல், வெறுமனே சுற்றி நின்றது போன்றவற்றுக்கு.

2017-18 கல்வியாண்டுக்கான அமெரிக்கக் கல்வித் துறையின் கணக்குப்படி, மொத்த மாணவர்களில் கறுப்பினச் சிறுவர்கள் 7.7 சதவீதம். பள்ளிக்கே வரக்கூடாது என்று சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களில் அவர்கள் 24.9 சதவீதம். பாலர் பள்ளியிலேயே இது தொடங்கிவிடுகிறது. அங்கே கறுப்பினக் குழந்தைகள் 18.2 சதவீதம்; சஸ்பெண்ட் ஆனவர்களில் 43.3 சதவீதம். நான்கு வயதுக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பி எதைக் கற்பிக்க முடியும்?

"வறுமைதான் காரணம்" என்ற பதில் உடனே வரும். வறுமை உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2018இல் ஆராய்ந்தபோது, ஏழை மாணவர்கள் நிறைந்த பள்ளி, வசதியான பள்ளி என்ற வேறுபாடின்றி எல்லா இடத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு இருந்தது.

2016இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் குழு, பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு காணொளியைக் காட்டி, குறும்பு தொடங்கும் இடத்தைக் கவனிக்கச் சொன்னது. காணொளியில் குறும்பே கிடையாது. இருந்தும் ஆசிரியர்களின் கண்கள் கறுப்பினச் சிறுவனிடமே அதிக நேரம் நின்றதைக் கண்ணசைவுக் கருவி பதிவு செய்தது. ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனுடைய சின்னச் சேட்டையும் தப்பாது. பக்கத்துப் பையனுடையது தப்பிவிடும். உளவியல் ஆய்வாளர்கள் ஜேசன் ஒகொனோஃபுவாவும் ஜெனிஃபர் எபர்ஹார்டும் 2015இல் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரு மாணவனின் தவறுகள் பற்றிய குறிப்பைப் படித்த ஆசிரியர்கள், முதல் தவறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள். அதே மாணவன் இரண்டாவது முறை தவறு செய்ததும், பெயர் கறுப்பினப் பெயராக இருந்தால் "இவன் எப்போதும் இப்படித்தான்" என்று முடிவு கட்டினார்கள்.

எனவே திருத்தத்தைச் சீட்டிலிருந்தே தொடங்கலாம். "மரியாதைக் குறைவு" என்று எழுத விடக்கூடாது. கண்டதையும் கேட்டதையும் எழுதச் சொல்ல வேண்டும். "புத்தகத்தை எடு என்று இரண்டு முறை சொன்னேன். மேசையில் தலையை வைத்தபடியே இருந்தான்" என்று எழுதிப் பார்த்தால், இது தூக்கமா, பசியா, பாடம் புரியாததா என்ற கேள்வி தானாக எழும். கலிஃபோர்னியா, கீழ்ப்படியாமைக்காகச் சஸ்பெண்ட் செய்வதைச் சிறு வகுப்புகளில் தடுக்கத் தொடங்கி, 2024 ஜூலை முதல் 12ஆம் வகுப்பு வரை தடை செய்திருக்கிறது.

அடுத்து, மாதாமாதம் எண்ண வேண்டும். ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 200 கறுப்பினச் சிறுவர்களில் 40 பேர், மற்ற 600 பேரில் 30 பேர் சஸ்பெண்ட். அதாவது 20 சதவீதம், 5 சதவீதம், விகிதம் 4. அடுத்த ஆண்டு 30 பேரும் 15 பேரும் என்று குறைந்தால் பள்ளி மகிழும். ஆனால் இப்போது 15 சதவீதம், 2.5 சதவீதம், விகிதம் 6 ஆகிவிட்டது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எந்த வகுப்பறை, எந்த நேரம் என்றும் பிரித்துப் பாருங்கள். "கொஞ்சம் ஆறட்டும், வந்து கூட்டிப் போங்கள்" என்று பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கும் நாள்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவற்றையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

பெற்றோர் அறிய வேண்டியது: 1975இல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபடி, அரசுப் பள்ளி 10 நாள் வரை சஸ்பெண்ட் செய்வதற்கும் குற்றச்சாட்டு என்னவென்று மாணவனிடம் சொல்ல வேண்டும், அவன் மறுத்தால் ஆதாரத்தை விளக்கி, அவன் தரப்பையும் கேட்க வேண்டும். சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளையை ஒரேயடியாக 10 நாளுக்கு மேல் வெளியேற்ற முடிவெடுத்தால், அந்த நடத்தை அவனுடைய குறைபாட்டால் வந்ததா, அவனுக்கான திட்டத்தைப் பள்ளி நிறைவேற்றாததால் வந்ததா என்று கூடி ஆராய்வது சட்டப்படி கட்டாயம். சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு நாளையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

படிப்பு பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில்தான் அறுகிறது. சிகாகோவில் இதற்கு எளிய அளவுகோல் உண்டு: ஆண்டு முடிவில் குறைந்தது 5 கிரெடிட் (பாடத்தில் தேறியதற்குக் கிடைக்கும் அலகு), முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் தோல்வி இல்லை. இதை எட்டியவர்கள் நான்கு ஆண்டில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு, எட்டாதவர்களைவிட மூன்றரை மடங்கு. ஆண்டு முடியக் காத்திராமல் நடுவிலேயே பெயர்ப் பட்டியலைப் பார்த்து, வருகையும் மதிப்பெண்ணும் சரியும் பையனை அழைத்துப் பேச வேண்டும்.

யார் கற்பிக்கிறார் என்பதும் பெரிய விஷயம். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியராவது அமைந்தால், மிக ஏழைக் குடும்பத்துக் கறுப்பினச் சிறுவர்கள் உயர்நிலைப் பள்ளியில் இடைநிற்பது 39 சதவீதம் குறைந்ததாக சேத் கெர்ஷென்சன் குழு கண்டது. ஆனால் அமெரிக்க ஆசிரியர்களில் கறுப்பின ஆண்கள் 2 சதவீதம்கூட இல்லை. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற 1954 பிரவுன் தீர்ப்புக்குப் பின் பள்ளிகளை ஒன்றாக்கியபோது தென்மாநிலங்களிலும், வடக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்ட எல்லை மாநிலங்களிலும் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். அந்த இழப்பு இன்னும் ஈடாகவில்லை.

தண்டனையைப் போலவே வாய்ப்பும் பரிந்துரையில் சிக்கிக் கிடக்கிறது. ஃபுளோரிடாவின் பிரவர்டு கவுண்டி, திறன்மிகு மாணவர் வகுப்புக்கு ஆசிரியர், பெற்றோர் பரிந்துரையை நம்பியிருந்தது. 2005இல் இரண்டாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ஒரு சொற்கள் சாராத தேர்வை வைத்ததும், அவ்வகுப்பில் கறுப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை 80 சதவீதம் உயர்ந்தது. அந்தக் குழந்தைகள் முன்பும் அதே பள்ளிகளில்தான் இருந்தார்கள்; பரிந்துரைக்க ஆள் இல்லை. பின்னர் பணமில்லை என்று அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டது. இடைவெளி பழையபடி திரும்பிவிட்டது.