ஸ்ட்ரட்டஜி: மூலோபாயமா, தந்திரோபாயமா, உத்தியா?

கொழும்பில் மும்மொழியிலும் ஆவணம் வெளியிடும் ஒரு நிறுவனத்தின் ஐந்தாண்டுத் தகவல் தொழில்நுட்ப அறிக்கையை ஒப்புநோக்கும் வேலை அண்மையில் எனக்கு வாய்த்தது. தமிழ்ப் பிரதியின் அட்டையில் ‘மூலோபாயம்’ என்றிருந்த சொல், முன்னுரையில் ‘தந்திரோபாயம்’ ஆகி, அட்டவணைகளுக்கு வந்தபோது வெறும் ‘திட்டம்’ ஆகியிருந்தது. ஆங்கிலப் பிரதியில் மூன்று இடங்களிலும் இருந்தது ஸ்ட்ரட்டஜி என்ற ஒரே சொல்தான். சிங்களப் பிரதியும் ‘உபாயமார்க்க’ என்பதையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது. தமிழில் வாசித்தவர் மட்டும் மூன்று வெவ்வேறு விடயங்களைப் பற்றி வாசிப்பதாக எண்ணியிருப்பார்.

ஸ்ட்ரட்டஜியின் வேர் கிரேக்கம். ‘ஸ்ட்ராட்டோஸ்’ என்றால் படை. அதனோடு நடத்துதல் என்னும் பொருளுடைய வினை சேர்ந்து ‘ஸ்ட்ராட்டேகோஸ்’, அதாவது படைநடத்துநர், என்ற சொல் பிறந்தது. பண்டைய ஏதென்சில் ஆண்டுதோறும் பத்துப் பேர் இப்பதவிக்குத் தெரிவாயினர். அந்நகரின் பெரும்பாலான பதவிகளுக்கு, நம் குடவோலை முறையைப் போல, சீட்டுக் குலுக்கியே ஆள் எடுத்தார்கள். படைநடத்துநரையோ வாக்களித்துத் தெரிவுசெய்தார்கள், ஒருவரையே மீண்டும் மீண்டும் தெரிவுசெய்யவும் இடமிருந்தது. ஆகவே இச்சொல் ஓர் ஆவணத்தின் பெயராவதற்கு நெடுங்காலம் முன்னரே தலைவன் ஒருவனின் தொழிலைக் குறித்து நின்றது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஐரோப்பியப் போர்க்கலை எழுத்துகளில் பரவிய அது, 20ஆம் நூற்றாண்டில் முகாமைத்துவத்துக்குள் நுழைந்தது. நீண்டகால இலக்குகளைத் தீர்மானித்தல், அவற்றுக்கான செயல்வழியை வரித்துக்கொள்ளல், வளங்களைப் பங்கிடல் என்று 1962இல் வணிக வரலாற்றாசிரியர் அல்பிரட் சாண்ட்லர் அதற்கு வரையறை தந்தார்.

தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். உபாயம் என்பது அணுகும் வழி என்ற பொருளுடைய வடசொல். சாம, தான, பேத, தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாக நமக்கு அது பழகியது. சிங்களத்தின் உபாயமார்க்கமும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மூலம் என்பதோடு சேர்ந்து மூலோபாயம். தந்திரம் என்பதோடு சேர்ந்து தந்திரோபாயம். இவற்றில் இரண்டாவது ஒரு விந்தை. தந்திரம் என்ற சொல்லுக்கு நூல் என்றும் படை என்றும் பழந்தமிழில் பொருள்கள் உண்டு. படைப்பொருளை வைத்துப் பார்த்தால் தந்திரோபாயம் கிரேக்கச் சொல்லுக்கு மிக அண்மையில் வந்து நிற்கிறது. ஆயினும் இன்று தந்திரம் என்றால் குள்ளநரிதான் நினைவுக்கு வரும். ‘மாற்ற முகாமைத்துவத் தந்திரோபாயம்’ என்ற தலைப்பில் சுற்றறிக்கை ஒன்று வந்தால், புதிய மென்பொருளால் தன் வேலை போகுமோ என்று ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருக்கும் எழுதுவினைஞர் அதை எப்படி வாசிப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டு ஊடகங்கள் விரும்பும் ‘வியூகம்’ படையின் அணிவகுப்பைக் குறிப்பது. தேர்தலுக்கு அது பொருந்தலாம். தகவல் தொழில்நுட்பத்தில் அச்சொல்லைக் காணும்போதெல்லாம் சக்கரவியூகத்துக்குள் நுழையத் தெரிந்து வெளியேறத் தெரியாத அபிமன்யுவே என் கண்முன் வருகிறான். ஒரே வழங்குநரின் மென்பொருளில் தரவு முழுவதையும் ஏற்றிவிட்டுப் பின்னர் மாற வழியின்றி நிற்கும் நிறுவனங்களுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

‘உத்தி’ யுக்தியின் தமிழ் வடிவம். நன்னூல் முப்பத்திரண்டு தந்திர உத்திகளைப் பட்டியலிடுகிறது. இங்கே தந்திரம் நூலைக் குறிக்கும். ஏற்ற இடத்தை அறிந்து, இதற்கு இவ்வகை ஆகும் என்று தகுந்தவாறு செலுத்துவதே தந்திர உத்தி என்கிறார் பவணந்தியார். இலக்கணத்துக்கு எழுதிய வரையறை முகாமைத்துவத்துக்கும் இவ்வளவு பொருந்துவது வியப்பே. ஆனால் இன்றைய திறனாய்விலும் விளையாட்டிலும் உத்தி என்பது சிறிய நுட்பங்களையே குறிப்பதால், ஒரு நிறுவனத்தின் முழுப் போக்கையும் சுமக்க அதற்குத் தோள் போதாது.

திருக்குறளில் ‘வகை’ என்னும் சொல் இப்பொருளுக்கு மிக நெருங்கி நிற்கிறது. வகையறச் சூழாது எழுதல், அதாவது வழிவகைகளை முற்ற எண்ணாமல் போருக்குக் கிளம்புதல், பகைவரைப் பாத்தியில் நட்டு வளர்ப்பதற்கு ஒப்பு என்கிறது ஒரு குறள். செய்யத் தகாததைச் செய்தாலும் கெடும், செய்யத் தக்கதைச் செய்யாமல் விட்டாலும் கெடும் என்கிறது அடுத்தது. எதை விடுவது என்ற தெரிவும் ஸ்ட்ரட்டஜியின் பாதி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதனால் துணிந்து ‘வினைவகை’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். வாசித்த நண்பர், தெரிநிலை வினையா குறிப்பு வினையா என்று கேட்டார்.

‘திட்டம்’ இச்சொல்லுக்கு ஒருபோதும் ஈடாகாது. இந்த ஆண்டு எத்தனை கணினி, எந்த மாதம் எந்தக் கிளைக்குப் புதிய முறைமை, எவ்வளவு செலவு என்பன திட்டம். நிறுவனம் எதனால் பிழைக்கிறது, அதற்குத் தொழில்நுட்பம் எங்கே தோள்கொடுக்கும், எங்கே தேவையில்லை என்ற தெரிவு அதற்கு முந்தியது. 1993இல் முகாமைத்துவ ஆய்வாளர்களான ஹென்டர்சனும் வெங்கட்ராமனும் வெளியிட்ட இசைவாக்க மாதிரி, வணிக ஸ்ட்ரட்டஜி, தொழில்நுட்ப ஸ்ட்ரட்டஜி, நிறுவனத்தின் உள்ளமைப்பு, தொழில்நுட்ப உள்ளமைப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றது. பின்னிரண்டைப் பற்றிய பட்டியலுக்கு முன்னிரண்டின் பெயரைச் சூட்டும்போது, தலைமை எடுக்கவேண்டிய தீர்மானம் கணினிப் பிரிவின் கொள்வனவுப் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே என் பரிந்துரை இது: ஸ்ட்ரட்டஜிக்கு மூலோபாயம்; அதற்குள் அடங்கும் தனித்தனி நகர்வுகளுக்கு உத்தி; காலமும் செலவும் குறித்த அட்டவணைக்குத் திட்டம். மூலோபாயம் இரட்டை வடசொல்தான். எனினும் இலங்கை ஆவணங்களில் அது ஏற்கெனவே பழகிவிட்டது, சூழ்ச்சியின் வாடை அதில் இல்லை, சிங்களப் பிரதியோடு ஒப்பிடுபவருக்கும் வேர் பிடிபடும். நான் திருத்திய அறிக்கையில் தந்திரோபாயம் வந்த இடங்களையெல்லாம் அவ்வாறே மாற்றினேன். ஊழியர்களுக்கான சுற்றறிக்கையின் தலைப்பில் மட்டும் மூன்று சொற்களையும் விட்டுவிட்டு, ‘வேலைமுறை மாற்றம்: எப்போது, ஏன், யார் பொறுப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன்.